சீர் மேசையில் போட்ட ஓட்டை

எனக்கு இடது கை மணிக்கட்டோடு எப்படிப் போனது என்று யாராவது கேட்டால், சிறுவாச்சூர் அம்மனைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன். அவளைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய வெள்ளிக்கிழமைதான் பஸ் கவிழ்ந்தது. குங்குமப் பொட்டலம் வலது கையில் கசங்காமல் இருந்தது, இடது கைதான் நசுங்கிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் அவளோடு பேசவில்லை. அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூரில் டிரங்க் ரோட்டை ஒட்டி இருந்த ஓர் அரசாங்க ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அப்பா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். கையில் தையல் பிரித்த புண் ஆறியும் ஆறாமலும் இருக்கும்போதே நான் வேலைக்குத் திரும்பியதற்கு வீரம் ஒன்றும் காரணமில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆபீசில் என்னை மாலை போடாத குறையாக வரவேற்றார்கள். டைப்பிங் ரூமில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்தி என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் உட்காருவதற்குள் என் காகிதத் தட்டில் அடிக்கக் கிடந்த டிராஃப்ட் எல்லாவற்றையும் அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நீ சும்மா உக்காந்திரு. நான் எதுக்கு இருக்கேன்?"

பியூன் என் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டார். தண்ணீர் தானாக வந்தது. டீ ஆற்றிக் கொடுக்கப்பட்டது. ஹெட் கிளார்க் தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அவர் கொய்யாப்பழம் வாங்கி வந்து, என் கண்ணெதிரே துண்டு போட்டுக் கொடுத்தார். பல்லா போயிற்று எனக்கு? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைச் சொல்வது? தின்றேன். இப்படியே நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அக்காவின் மெஷின் எனக்கும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. என்னுடைய மெஷின் உறை போட்டபடி கிடந்தது.

ஒரு நாள் ஆபீசர் கூப்பிட்டார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாற்றலாகி வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், எதற்கும் கணக்குப் பார்க்கிற மனிதர்.

"உக்காருங்க. வந்ததுலேர்ந்து நீங்க என்ன டைப் பண்ணீங்க?"

யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு வரிகூட இல்லை.

"ஒண்ணுமில்ல சார்."

"ரெண்டு டைப்பிஸ்ட் போஸ்ட். ஒருத்தங்க உயிரை விட்டு வேலை செய்யறாங்க. இன்னொருத்தங்க சும்மா உக்காந்திருக்காங்க. மேல இருந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? ஆடி முடியறதுக்குள்ள மத்தவங்க மாதிரி அடிச்சுக் காட்டுங்க. முடியலன்னா மெடிக்கல் போர்டுக்கு எழுத வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல."

மெடிக்கல் போர்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். வேலைக்குத் தகுதியில்லை என்று ஒரு முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். என் சர்வீசுக்கு என்ன பென்ஷன் வந்துவிடப் போகிறது? உப்புக்குக் காணாது.

வெளியே வந்து அக்காவோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையை அந்த ஆபீசில் இன்றைக்கும் யாராவது ஞாபகம் வைத்திருப்பார்கள்.

"உன் பாசத்தைத் தூக்கி உடைப்புல போடு. நீ எனக்கும் சேத்து அடிக்கிற ஒவ்வொரு பக்கமும் என்னை வூட்டுக்கு அனுப்புற பக்கம். தெரியுதா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பியூன் கையில் டீயோடு அப்படியே நின்றார். பாவம், எல்லோரும் நல்லவர்கள். கட்டிப்பிடித்தே மூச்சை முட்ட வைக்கிற நல்லவர்கள். நான் என் மெஷின் உறையைக் கழற்றினேன்.

ஒரு கையால் அடிக்க முடியாதா என்றால் முடியும். ஐந்து விரலும் எல்லாப் பக்கமும் ஓடிப் பழகிக்கொள்ளும். வரி முடிந்ததும் இடது பக்கத்து நெம்புகோலைத் தள்ளி உருளையைத் திருப்ப வேண்டும். அதற்கு மிச்சமிருந்த முன்கையின் பக்கவாட்டே போதுமாக இருந்தது. என்னைக் கொன்றது ஷிஃப்ட் சாவிதான். தமிழ் மெஷினில் 'க' கீழே இருக்கும். 'கு' வேண்டுமென்றால் ஒரு கை ஷிஃப்டை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொரு கை அடிக்க வேண்டும். 'த', 'து' வும் அப்படித்தான். 'கு' இல்லாமல் அரசாங்கத்தில் ஒரு கடிதம் உண்டா? இன்னாருக்கு, இது குறித்து, தங்கள் கவனத்துக்கு என்று மூச்சுக்கு மூச்சு 'கு'தான். ஒவ்வொரு முறையும் ஷிஃப்டைப் பூட்டி, எழுத்தை அடித்து, பூட்டை எடுத்து, அடுத்த எழுத்துக்கு வருவதற்குள் அக்கா பாதிப் பக்கம் போயிருப்பாள். வெட்டுண்ட முனையால் ஷிஃப்டை அமுக்கிப் பார்த்தேன். உயிர் போய் உயிர் வந்தது.

அந்த வாரம் ஆபீசுக்கு எதிரே இருந்த டெய்லர் பாய் கடைக்கு ரவிக்கை தைக்கப் போனேன். இடது கையை மூடுகிற மாதிரி நீளமாக வைக்கணுமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். எப்போதும் போலவே வையுங்கள், ஒளித்துவைக்க நான் ஒன்றும் திருடவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டு, கையிலிருந்த சட்டையை முடித்துவிட்டுத் துணியை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் துணியைப் பிடித்திருக்க, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் ஓட்டுகிறார்கள்? குனிந்து பார்த்தேன். கால்.

"பாய், இந்தக் காலை எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

அவர் திகைத்துப்போய்த் தைப்பதை நிறுத்தினார். நான் விஷயத்தைச் சொன்னதும், "அல்லா, இவ்வளவுதானா" என்று ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் கிரீஸ் கையோடு வந்தார். இருவரும் என்னை விட்டுவிட்டுத் தங்களுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒரு பலகை, ரெண்டு கீல். பலகையை மிதிச்சா ஒரு கம்பி அந்த ஷிஃப்டைக் கீழ இழுக்கணும்" என்றார் பாய்.

"கம்பி எதுக்கு? பிரேக் ஒயர் போதும். முறியாது, வளையும்" என்றார் சைக்கிள்காரர்.

"ஒயர் எந்த வழியா வரும்?"

"டேபிள்ல ஒரு ஓட்டை போட்டா நேரா எறங்கும்."

இதைப் போய் ஹெட் கிளார்க்கிடம் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தம் வற்றியது. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடிட் என்ற சொல்லைக் கேட்டாலே சாமான் கணக்கு நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்துவிடுகிற மனிதர். உடைந்த ஸ்டூலின் காலைக்கூடத் தூக்கி எறிய விடமாட்டார், சுவரோரமாக அடுக்கிவைத்திருப்பார். ஆடிட்டில் ஸ்டூல் எங்கே என்று கேட்டால் கால்களையாவது காட்டலாமே.

"கவர்மென்ட் டேபிள்லயா ஓட்டை? யாரும்மா பர்மிஷன் குடுப்பா? மேல எழுதிப் போட்டா பதில் வர்றதுக்குள்ள தீவாளி வந்துடும். ரூல்ஸ்ல இல்லையேம்மா."

"ரூல்ஸ்ல என்னை வெளிய அனுப்ப மட்டும் இருக்கா சார்?"

அவர் ஃபைலில் குனிந்துகொண்டார். இந்த மனிதரிடம் போய்ச் சொன்னேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு ராத்திரி அம்மா போட்ட சோற்றைக்கூடத் திட்டினேன்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் அரியலூர் பஸ் நின்றது. அது நிற்கிற இடமே இல்லை அது. கண்டக்டர் மேலே ஏறி எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார். கீழே ஹெட் கிளார்க் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பாத்து, பாத்து, கால் இடிக்குது" என்று நின்றார். பஸ் கூரையிலிருந்து ஒரு மேசை இறங்கியது. தேக்கு மேசை. கடைந்த கால்கள். ஓரத்தில் பூ வேலை.

"எங்க வூட்டு டேபிளும்மா" என்றார் மூச்சு வாங்க. "பிரைவேட் டேபிள். இதுல எத்தனை ஓட்டை வேணும்னாலும் போடுங்க. ஒரு ஆடிட்காரனும் கேக்க முடியாது."

"உங்க வூட்ல ஒண்ணும் சொல்லலியா சார்?"

"அவ சீர்ல வந்த டேபிள் இது. அவகிட்ட கேக்காம எடுக்க முடியுமா? ராத்திரி விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கல, மேல இருந்த துணியெல்லாம் எடுத்துத் தரையில வச்சுட்டு, காலையில முதல் பஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போங்கன்னுட்டா."

நான் வாயாடி. யாருக்கும் பதில் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அன்றைக்கு அந்த வாசலில் மேசையின் பூ வேலையைத் தடவிக்கொண்டே நின்றேன். நான் பார்த்தே இராத ஒரு பெண், கல்யாணத்துக்குக் கொண்டுவந்த மேசையை, நான் ஓட்டை போட்டுக்கொள்வதற்காக பஸ் கூரையில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிலிர்க்கிறது.

பாயும் சைக்கிள்காரரும் ஓட்டை போடும்போது ஹெட் கிளார்க் வராந்தாவுக்குப் போய்விட்டார். துளையிடும் சத்தம் நின்றபிறகுதான் உள்ளே வந்தார்.

பலகையைக் கீல் வைத்துப் பொருத்தி, பிரேக் ஒயரை ஷிஃப்ட் சாவியின் தண்டில் மாட்டினார்கள். பியூன் கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. எல்லோரும் சுற்றி நிற்க, நான் 'கலெக்டர் அவர்களுக்கு' என்று அடித்தேன். 'குலெக்டர்' என்று விழுந்தது. பலகையின் கனமே ஒயரை இழுத்துப் பிடித்துக்கொண்டது, காலை எடுத்தாலும் ஷிஃப்ட் மேலே வரவில்லை. அக்காதான் முதலில் சிரித்தாள். சண்டைக்கப்புறம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளையார் பிடிக்கப் போயி குரங்கா போச்சே" என்றார் பாய்.

"குரங்கும் சாமிதான், இருங்க" என்று சைக்கிள்காரர் கடைக்கு ஓடினார். பழைய ட்யூபை நாடாவாகக் கிழித்து வந்து பலகையை அடியிலிருந்து ஏந்திப் பிடிக்கிற மாதிரி கட்டினார். இப்போது காலை எடுத்தால் பலகை தானாக எழும்பியது. கூடவே ஷிஃப்டும்.

அதற்கப்புறம் பழக்கம்தான் பாக்கி. பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் அடித்து அடித்துப் பழகினேன். முதலில் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். கை 'க' என்று நினைக்க, கால் 'கு' என்று நினைக்கும். இரண்டுக்கும் நடுவில் நான் பஞ்சாயத்து செய்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு மதியம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் எதையோ நினைத்துக்கொண்டு அடித்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று காதில் ஒரு சத்தம் விழுந்தது. ஓட்டுக் கூரையில் மழை விழுகிற மாதிரி, விட்டுவிடாத சத்தம். விபத்துக்கு முன்னால் என் மெஷினிலிருந்து வந்த அதே சத்தம். அக்கா வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. என் பாதத்தைக் குனிந்து பார்த்தேன். நான் சொல்லாமலே அது மிதித்து எடுத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் நடக்க மட்டுமே வைத்திருந்த காலுக்குள் ஒரு கை ஒளிந்திருந்ததே என்று மலைத்துப்போனேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். யாரும் பார்க்காத அழுகைதானே.

இதெல்லாம் ஆபீசருக்குத் தெரியாது. டைப்பிங் ரூம் பின்கட்டில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை, பாதி நாள் வெளியூர் கேம்ப் வேறு. எனக்கு வேகம் நன்றாக வந்தபிறகு தானே சொல்வதாக ஹெட் கிளார்க் ஏற்றுக்கொண்டார். ஆனால் அனுமதி கேட்காமல் சொந்த மேசையை ஆபீசுக்குள் கொண்டுவந்து போட்டதை எந்த வாயால் சொல்வது? சொல்லிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போவார். "சார் இன்னைக்கு வெயில் ஜாஸ்திங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். ஆடி முடியப் போகிறது. எனக்கு அவரைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும், மேசையைப் பார்த்தால் அணைந்துவிடும்.

நானே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்த அன்று, முந்திக்கொண்டு ஆபீசரின் டிராஃப்ட் வந்துவிட்டது. கேம்பிலிருந்து திரும்பியதும் அவரே கைப்பட எழுதிக் கொடுத்தது. ஹெட் கிளார்க் அதைப் பிடித்துக்கொண்டு டைப்பிங் ரூம் வாசலில் நின்றார். அக்கா வாங்கிப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"இதை நான் அடிக்க மாட்டேன் சார். என்னையும் வேலையை விட்டு எடுத்தாலும் சரி."

எனக்குப் புரிந்துவிட்டது. மேற்படி தட்டச்சர் தட்டச்சு செய்ய இயலாதவர், பணிக்குத் தகுதியற்றவர், மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். என்னைப் பற்றிய கடிதம்.

ஹெட் கிளார்க் அக்காவிடமிருந்து காகிதத்தைத் திரும்ப வாங்கினார்.

"நீங்க அடிக்க வேணாம்மா. டிராஃப்ட் வந்தா ஒண்ணு உங்களுக்கு, அடுத்தது அவங்களுக்கு. அதுதான் நம்ம ஆபீஸ் வழக்கம். கடைசியா நீங்க அடிச்சீங்க. இது அவங்க முறை."

சொல்லிவிட்டு அதை என் தட்டில் வைத்தார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தின் ஒரு நூலிழைகூடப் பிசகாமல் அந்த மனிதர் எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டார் என்பது எனக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது.

கார்பன் வைத்துக் காகிதம் செருகினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். அன்று கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மனசு சில்லென்று இருந்தது. பணிக்கு, குழுவுக்கு, அரசுக்கு. என்னைத் தொலைப்பதற்கு எத்தனை 'கு'. ஒவ்வொன்றுக்கும் கால் இறங்கி ஏறியது. இயலாதவர் என்ற சொல்லை அடிக்கும்போதுகூட விரல் தவறவில்லை. கடைசியில் இடது ஓரம், கீழே, டைப்பிஸ்ட் போட வேண்டிய முதலெழுத்துகளைப் போட்டேன். என்னுடைய எழுத்துகள்.

ஹெட் கிளார்க் டிராஃப்டோடு ஒப்பிட்டு வாசித்தார். ஒரு புள்ளி பிசகவில்லை. நானே எடுத்துப் போனேன்.

ஆபீசர் படித்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கை வந்தது. கண் அதற்குக் கீழே, ஓரத்துக்குப் போய் நின்றது.

"யார் அடிச்சது இது?"

"நான்தான் சார். என் முறை."

பேனாவை மூடினார். எழுந்து என் பின்னால் நடந்து பின்கட்டுக்கு வந்தார். அவர் மேசையைப் பார்த்தார். பூ வேலையைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார்.

"இது யாரோட டேபிள்?"

"என்னோடதுங்க சார்" என்றார் ஹெட் கிளார்க். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பிரைவேட் டேபிளுங்க. கவர்மென்ட் டேபிள் எதுலயும் கை வைக்கலிங்க."

ஆபீசர் பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் மண்டி போட்டு உட்கார்ந்தார். பலகையைக் கையால் அமுக்கினார். மேலே ஷிஃப்ட் இறங்கியது. விட்டார். ஏறியது. மறுபடி அமுக்கினார். நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, திருவிழாவில் பொம்மை வாங்கிய பிள்ளை மாதிரி அமுக்கிக்கொண்டே இருந்தார். எழுந்து நின்றபோது முழங்காலெல்லாம் தூசி. தட்டிக்கொள்ளக்கூட இல்லை.

தன் கையிலிருந்த கடிதத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். அதைத் திருப்பி, என் மேசையிலேயே வைத்து, நின்றபடியே வேறொன்று எழுதி என்னிடம் கொடுத்தார். காலால் இயக்கும் அமைப்போடு கூடிய மேசை ஒன்றைத் தட்டச்சருக்கு வாங்க அனுமதி வேண்டும், அதுவரை இப்போதைய ஏற்பாடு தொடரும் என்று இருந்தது.

அடித்தேன். முந்தின கடிதத்துக்குத் துளியும் அசராத கால், இதற்கு வெடவெடவென்று நடுங்கியது. பலகை டகடகவென்று தரையில் இடித்தது. எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. ஹெட் கிளார்க் ஒப்பிட்டுப் பார்த்தார். முகம் கோணியது.

"பாதி 'கு'வெல்லாம் 'க'வா விழுந்திருக்கும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆபீசரைப் பார்த்தேன். வாசல் வரை போய்விட்டவர் திரும்பினார்.

"திரும்ப அடிங்க. அவசரமில்ல. நாளைக்கும் இங்கதான இருக்கப் போறீங்க."

நான் அந்தக் காகிதத்தை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைச் செருகினேன்.